நான்காம் முடிச்சில் ஊதிய சங்கு

அந்தக் காலத்தில் நண்டுக்கு வாய் இருந்தது. சொல்லப்போனால், கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

பெருங்கடலின் நடுவே நேரோவா என்றொரு தீவு. ஆயிரம் அடுப்புகள் எரிகிற தீவு. அங்கே ஒருவரையொருவர் பார்த்தால் கும்பிடமாட்டார்கள். மூக்கோடு மூக்கு வைத்து ஒரு மூச்சைப் பகிர்ந்துகொள்வார்கள். அவ்வளவுதான், உறவு உறுதியாகிவிடும். அதனாலேயே அயலார் வந்தால் எடுத்தவுடன் மூக்கை நீட்டுவதில்லை. பவளப்பாறைக்கு வெளியே ஒரு மணல்திட்டு இருந்தது. வந்தவர்கள் பத்து நாள் அங்கே தங்க வேண்டும். "மூச்சு ஆறட்டும்" என்பார்கள். மீனும் இளநீரும் தினமும் தோணியில் போகும். ஒரு பாறையில் வைத்துவிட்டுத் தோணி திரும்பிவிடும். பத்து நாள் கழிந்தால் சங்கு ஊதும். ஊரே மாலையோடு தண்ணீரில் இறங்கும்.

சங்கை ஊதுகிறவன் உங்கா என்ற நண்டு. இன்றைக்குப் பார்க்கிற அவன் வம்சத்து நண்டு போல நினைக்காதீர்கள். முதுகிலும் வயிற்றிலும் கல் போல ஓடு, கம்பீரமான நடை. மனிதரின் நோய் நண்டைத் தொடாது என்பதால் திட்டுக் காவல் அவனுடையது. அவன் ஊதினால் ஊரில் யாரும் மறுகேள்வி கேட்டதில்லை.

தோணி ஓட்டுகிறவள் தெஹானி. திட்டில் ஆள் இருக்கும்போதெல்லாம் அவள் இடுப்பில் ஒரு தென்னங்கயிறு இருக்கும். நாளுக்கு ஒரு முடிச்சு.

ஒருநாள் பெரிய கப்பலொன்று வந்தது. சந்தனமரம் தேடி வந்த பன்னிரண்டு பேர் திட்டில் இறங்கினார்கள். அவர்களின் தலைவனுக்குச் சிவப்புத் தாடி. ஒருவனைக் கம்பளியால் மூடிப் படுக்க வைத்திருந்தார்கள்.

"அவனுக்கு என்ன?" என்றான் உங்கா.

"கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்றான் சிவப்புத் தாடி. "அதிருக்கட்டும், காவல்காரரே, போன தீவில் வந்த அன்றைக்கே எங்களுக்கு விருந்து வைத்தார்கள், ஆடினார்கள். இங்கே மட்டும் ஏன் நாயைக் கட்டிப்போட்ட மாதிரி?"

"எங்கள் வழக்கம்."

"வழக்கமா? போகிற தீவெல்லாம் சொல்வேன். நேரோவாக்காரர்களுக்கு விருந்தாளியின் அருமை தெரியாது, வெறும் காட்டு ஜனங்கள் என்று."

உங்காவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் தோணி பாறையருகே வந்தபோது தெஹானியிடம் புலம்பினான். "அக்கா, அவன் நம்மைக் காட்டு ஜனங்கள் என்கிறான்."

"சொல்லிவிட்டுப் போகிறான். அவன் சொன்னதால் உனக்குக் கொம்பா முளைத்துவிட்டது? பத்து நாள் என்றால் பத்து நாள்."

"நமக்குக் கேவலமாக இல்லையா?"

"எனக்கு நாலு பிள்ளைகள், தம்பி. கேவலப்பட நேரமில்லை" என்று சிரித்துக்கொண்டே துடுப்பைத் தள்ளினாள்.

உங்காவால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. எவனோ ஒரு வெளியூர்க்காரன் நம்மை மட்டமாக நினைத்துவிடுவானோ என்ற கூச்சம் இருக்கிறதே, அதைப் போல ஆளைத் தின்கிற கூச்சம் வேறில்லை. நான்காம் நாள் காலையில் கம்பளி விலகியபோது படுத்திருந்தவனின் கழுத்தில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தான். பார்த்தான்! கொசுக்கடியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிவப்புத் தாடி உங்காவின் முதுகைத் தட்டி, "நீராவது பெரிய மனதுக்காரர்" என்றான்.

உங்கா சங்கை எடுத்து ஊதினான்.

ஊர் இறங்கி வந்தது. தெஹானி மட்டும் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி ஓடிவந்தாள். "உங்கா, நாலு முடிச்சுதானே இருக்கிறது?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புத் தாடியும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பத்து ஆகிவிட்டது அக்கா. நீதான் முடிச்சுப் போட மறந்திருப்பாய்" என்றான் உங்கா.

ஒரு கணம் கயிற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தன்னையே சந்தேகப்பட்டாள். பிறகு தலை குனிந்து, வந்தவர்களின் மூக்கோடு மூக்கு வைத்தாள். அவள் பின்னால் நாலு பிள்ளைகளும்.

பத்து நாளில் காய்ச்சல் வந்தது. ஒரே சமயத்தில் ஊர் மொத்தமும் படுத்துவிட்டது. நோயால் போனவர்கள் பாதி. எழுந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் போனவர்கள் மீதி. ஆயிரம் அடுப்பில் நாற்பதுதான் மறுபடி புகைந்தது. தெஹானி பிழைத்தாள். அவள் பிள்ளைகளில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அடுத்த வருடம் வேறொரு கப்பலில் நோட்டுப்புத்தகத்தோடு ஒரு கனவான் வந்தார். திட்டில் பத்து நாளா? தடுக்க ஆளேது? நேராகக் கரையில் இறங்கினார். காலி வீடுகளைச் சுற்றிப் பார்த்தார். "பலவீனமான இனம். வாழ ஆசையற்று ஏங்கியே அழிகிறார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். கேட்டுக்கொள்ளுங்கள்! செத்தவர்கள் சாக ஆசைப்பட்டுச் செத்தார்களாம்!

"அப்படியில்லை ஐயா" என்றாள் தெஹானி. "தப்பு என்னுடையது. நாளைச் சரியாக எண்ணியிருந்தால் அன்றைக்கே தடுத்திருப்பேன். தப்பாக எண்ணிவிட்டேன்."

"எண்ணவும் தெரியாத ஜனங்கள்" என்று கனவான் அடுத்த வரியில் சேர்த்துக்கொண்டார்.

உங்கா பக்கத்திலேயே இருந்தான். ஒரு வார்த்தை போதும், அவள் நெஞ்சிலிருந்து அந்தக் கல் இறங்கிவிடும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கனவான் நோட்டை மூடிப் படகேறினார்.

தெஹானி உங்காவின் முன் உட்கார்ந்தாள். அந்தக் கயிற்றை மணலில் நீட்டி வைத்தாள். "தினமும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன் தம்பி. எந்த இடத்தில் தவறவிட்டேன் என்று புரியவில்லை. நீயாவது எண்ணிச் சொல்."

உங்கா கொடுக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டான். நேரமானது.

"நாலு" என்றான். "நாலுதான் அக்கா. நீ தவறவிடவில்லை."

அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

தெஹானி வையவில்லை, அடிக்கவுமில்லை. கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். தோணியைத் தள்ளிக்கொண்டு, பாய் விரித்துவிட்ட கப்பலைப் பார்த்து, "அதை அடித்து எழுதுங்கள்! எங்களுக்கு எண்ணத் தெரியும்!" என்று கத்தினாள். கப்பல் நிற்கவில்லை. கரைக்குத் திரும்பியவள், அன்றைக்கே திட்டில் புதுக் காவல் போட்டாள். காவலுக்கு அவளே உட்கார்ந்தாள்.

அவள் எழுந்து போனபோதே உங்காவின் ஓடு பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. உள்ளே தோலுரித்த இறால் போல ஒரு வயிறு. அதை யார் கண்ணிலும் பட விடாமல், அவன் பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, தான் ஊதிய சங்குக்குள்ளேயே நுழைந்துகொண்டான்.

அன்று தொடங்கியதுதான்: அவன் வம்சத்து நண்டுக்குச் சொந்த ஓடு கிடையாது, செத்துப்போன யாரோ விட்டுப்போன சங்கு வீட்டில்தான் குடியிருக்கிறது. மனித நிழல் விழுந்தால் சட்டென்று உள்ளே ஒடுங்கி, பெரிய கொடுக்கால் வாசலை இறுக அடைத்துக்கொள்கிறது. அந்த நான்காம் நாளில் அடைத்திருக்க வேண்டிய வாசல் அதுவல்ல என்பதும் அதற்குத் தெரியும்.