கொட்டைத் திருடியின் காடு

"அந்தப் பறவையைச் சபிச்சுடுங்க குருவே" என்றார் ரின்சின்.

குரு தாரிமா அந்த ஊர் வழக்கப்படி பால் தேநீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்ணுச்சு?"

"ரெண்டு வருஷமா நான் விதைச்சதையெல்லாம் தோண்டி எடுத்துட்டுப் போயிடுது."

சைபீரிய மலையொன்றில் இருந்தது அந்தப் பௌத்த மடம். அங்கே துறவாடை வாங்குவது லேசுப்பட்ட காரியமல்ல. நூறு பைன் கன்றுகளை முளைக்க வைத்துக் காட்ட வேண்டும். ரயில் ஓட்டி ஓய்வுபெற்று வந்த ரின்சினுக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பதுதான். சாவதற்குள் அந்த ஆடையை ஒருமுறை உடுத்திவிட வேண்டும் என்பது ரின்சினின் ஒரே ஆசை.

மடத்தைச் சுற்றியிருந்த காடு எரிந்துபோயிருந்தது. முன்பெல்லாம் தலைமுறைக்கு ஒருமுறை தீ வரும். இடையில் காடு தேறிக்கொள்ளும். இப்போது பனி ஒரு மாதம் முன்னதாகவே உருகிவிடுகிறது. தரைப் பாசி சருகாய்க் காய்ந்து கிடக்கிறது. பதினைந்து வருடத்தில் இரண்டு தீ. முதல் தீக்குப் பிறகு வந்த கன்றுகள் காய்க்கும் வயதை எட்டுவதற்குள் இரண்டாவது தீ அவற்றைத் தின்றுவிட்டது.

விதைக்கு ஆற்றைத் தாண்டி அக்கரைக் காட்டுக்குத்தான் போக வேண்டும். ரின்சின் முதுகில் சுமந்து வருவார். எரிந்த சரிவில் விதைப்பார். பறவை எடுத்துக்கொண்டு போய்விடும். மடத்தில் அதற்குப் பெயரே கொட்டைத் திருடி.

"சபிக்கிறது இருக்கட்டும். காவல் இருங்க" என்றார் தாரிமா.

இருந்தார். இலையுதிர் காலம் முழுக்கத் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். பறவை ஒரு விதையைக்கூடத் தொடவில்லை.

அடுத்த கோடையில் ஒரு விதைகூட முளைக்கவும் இல்லை. கரிந்த மண் வெயிலில் தோசைக்கல்லாய்க் கொதித்தது.

"இப்ப யாரைச் சபிக்கணும்?" குரு கேட்டார்.

ரின்சினுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த வருடத்து விதை மூட்டையை அவர் தூக்கி வந்ததும், குரு அதை வாங்கி மடத்து வாசல் பாறையில் கொட்டினார்.

"ஐயோ!"

"டப்பாவை என்கிட்ட கொடுங்க. பறவை எங்க போகுதோ, பின்னாடியே போங்க."

பறவை வந்தது. காக்கைக்குத் தம்பி மாதிரி இருந்தது, பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு. தொண்டைப் பை புடைக்க விதைகளை அடைத்துக்கொண்டு மேலே பறந்தது. ரின்சின் மூச்சிரைக்க ஏறினார். பழைய காட்டின் எல்லையைத் தாண்டி, மரமே இல்லாத மேட்டில் அது இறங்கியது. பாசியை விலக்கியது. நாலைந்து விதைகளைப் புதைத்து மூடியது. கொஞ்சம் தள்ளி இன்னொரு குழி. மறுபடி கீழே போய் மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க இதே வேலை.

குளிர்காலத்தில் முழங்கால் அளவு பனி. அதே பறவை வந்து, பனியைத் தோண்டி, குறி தவறாமல் விதையை எடுத்தது. ரின்சின் குனிந்து அந்தக் குழியைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் தினமும் மடத்தையே புரட்டுகிறவர் அவர். எத்தனை ஆயிரம் குழி! அத்தனையையும் அந்தச் சின்னத் தலை எப்படித்தான் வைத்திருந்ததோ! அது தின்றது போக மிச்சம் மண்ணிலேயே கிடந்தது.

இரண்டு கோடைகள் கழித்து அவர் மலையிலிருந்து ஓடிவந்தார். அந்த வயதில் ஓடக் கூடாதுதான்.

"முளைச்சிருக்கு குருவே! கொத்துக் கொத்தா! முன்னெல்லாம் ஜூன் வரைக்கும் பனி கிடந்த மேடு, இப்ப சீக்கிரமே மண்ணு தெரியுது. காடு அங்க ஏறிப் போயிருக்கு. நூறு வரைக்கும் எண்ணிட்டு விட்டுட்டேன்."

"எரிஞ்ச சரிவுல?"

"அங்க புல்லுதான்."

குரு கொஞ்ச நேரம் அந்தச் சரிவையே பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, துறவாடையோடு வந்தார்.

ரின்சின் பின்வாங்கினார்.

"எனக்கு வேண்டாம். நான் ஒண்ணுகூட முளைக்க வைக்கல. மூணு வருஷம் அதைத் திருடின்னு திட்டினதுதான் மிச்சம். இது அந்தப் பறவைக்குச் சேர வேண்டியது."

தாரிமா ஆடையை உதறி அவர் தோளில் போட்டார்.

"அதுக்கு இது தொளதொளன்னு இருக்கும் பெரியவரே."