சமவழிக் கட்சியும் இரண்டு கிளைகளும்

குழந்தைகளே, நடுவே ஓடை பாயும் ஒரு காட்டில், சேதி கொண்டுபோகும் வேலையைக் குரங்குகள் செய்துவந்தன.

மேட்டில் இருக்கும் விலங்கு பள்ளத்தில் இருக்கும் விலங்குக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா? ஓர் ஆலிலையில் கீறிக் குரங்கிடம் கொடுத்தால் போதும். குரங்குகள் கிளைக்குக் கிளை தாவிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கூலி ஒரு கைப்பிடிப் பழம். யானைக்கும் ஒரு கைப்பிடி, முயலுக்கும் ஒரு கைப்பிடி. முதலில் வந்த இலை முதலில் போகும். யாருடைய இலை என்று எந்தக் குரங்கும் பார்க்காது.

இப்படி எல்லோருக்கும் வசதியாக ஒரு விஷயம் இருந்தால், அதைச் சீர்திருத்த யாராவது கிளம்புவார்கள் அல்லவா? குரங்குகளின் தலைவர் தாண்டவர் கிளம்பினார். அவர் பேராசைக்காரர். நேராகத் தேன் வியாபாரி கரடியிடம் போனார். கரடியின் பெயர் தேனப்பர்.

"உங்கள் சேதி மட்டும் விரைவாகப் போக ஒரு தனிக் கிளை ஒதுக்கினால் என்ன தருவீர்கள்?" என்று கேட்டார் தாண்டவர்.

"கூடை கூடையாகப் பழம் தருவேன்" என்றார் தேனப்பர். "மற்றவர்கள் சேதி கொஞ்சம் தாமதமாகப் போகுமா?"

"கொஞ்சம் என்ன, நன்றாகவே தாமதமாகும்."

"அப்படியானால் இன்னொரு கூடை சேர்த்துத் தருகிறேன்."

இந்தப் பேச்சு காடெங்கும் பரவியது. விலங்குகள் கொதித்துப்போயின. அந்தச் சமயம் பார்த்துக் காட்டுச் சபைத் தேர்தல் வந்தது. சொல்லழகர் என்ற நரி ஒரு கட்சி தொடங்கினார். அதன் பெயர் சமவழிக் கட்சி. ஒரு பாறைமேல் ஏறி நின்று அவர் பேசினார்.

"ஒரே கிளை, ஒரே வரிசை. இதுதான் எங்கள் நிலைப்பாடு. இதிலிருந்து ஒரு மயிரிழைகூட விலக மாட்டோம்."

விலங்குகள் கண்ணீர் விட்டு வாக்களித்தன. சமவழிக் கட்சி வென்றது. நரி சபைத் தலைவரானார்.

பத்தாவது நாள், தாண்டவரும் தேனப்பரும் அவருடைய குகைக்கு வந்தார்கள். ஒருவர் கையில் பலாப்பழம், இன்னொருவர் கையில் தேனடை.

"உங்களை எதிர்த்துப் பேசியவன் நான்" என்றார் நரி, தேனடையைப் பார்த்துக்கொண்டே.

"அதனால்தான் உங்கள்மேல் எங்களுக்கு மரியாதை" என்றார் தாண்டவர். "நீங்கள் சமத்துவத்தைக் கைவிட வேண்டாம். கொஞ்சம் விரித்துச் சொன்னால் போதும்."

நரி தேனடையை ஒரு கடி கடித்தார். விரித்துச் சொல்வதில் தவறில்லை என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாவது கடியில் அது அவசியம் என்றே தோன்றியது.

மறுநாள் சபை கூடியது.

"இனி இரண்டு கிளைகள் இருக்கும்" என்று அறிவித்தார் நரி. "ஒன்று விரைவுக் கிளை. இன்னொன்று நிதானக் கிளை. விரைவுக் கிளையில் போகும் எல்லோரும் சமமாக விரைவார்கள். நிதானக் கிளையில் போகும் எல்லோரும் சமமாகக் காத்திருப்பார்கள். முன்பு நம்மிடம் ஒரு சமத்துவம்தான் இருந்தது. இப்போது இரண்டு இருக்கின்றன."

ஊசிமுத்து என்ற முள்ளம்பன்றி எழுந்தான். எதையும் குத்திக் கேட்பது அவன் வழக்கம்.

"தலைவரே, தேர்தலுக்கு முன்னால் ஒரே கிளை என்றீர்களே?"

"அது நிலைப்பாடு. இது விரிவான நிலைப்பாடு."

"விரைவுக் கிளைக்குக் கூலி எவ்வளவு?"

"ஒரு கூடைப் பழம். உழைக்கிற எவரும் தரக்கூடியதுதான்."

"முயலால் ஒரு கூடையைத் தூக்கவே முடியாதே."

"முயல்கள்மேல் உனக்கு இருக்கும் இந்த அவநம்பிக்கையைக் கட்சி ஏற்கவில்லை" என்றார் நரி. "உட்கார்."

ஆங்காங்கே முணுமுணுப்பு கேட்டது. உடனே நரி இன்னொன்றும் அறிவித்தார். "தேனப்பர் பெருமனம் கொண்டு ஒரு சலுகை தருகிறார். அவர் கடைச் சேதிகள் இனி உங்கள் வீடு தேடி இலவசமாக வரும். ஒரு கைப்பிடிப் பழம்கூட வேண்டாம்."

இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் முணுமுணுப்பு கைதட்டலாக மாறியது. அன்று முதல் ஒவ்வொரு வளைக்கும் ஒவ்வொரு புதருக்கும் தேன் விலை விவரம் நாளுக்கு நாலு தடவை வந்து சேர்ந்தது. மான் தன் தங்கைக்கு அனுப்பிய கல்யாணச் சேதி மட்டும் குழந்தை பிறந்த பிறகு போய்ச் சேர்ந்தது.

மழைக்காலம் வந்தது. ஓடையின் மேல்புறத்தில் பெரிய மடு ஒன்று உண்டு. அதன் கரையில் மடுவாயி என்ற ஆமை இருந்தாள். கண்காணிப்பதே அவள் குணம். ஒருநாள் காலையில் மடுவின் வாயைப் பார்த்தாள். அங்கே விழுந்து கிடந்த மரங்கள் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தன. அவை மெல்ல அசைந்துகொண்டிருந்தன. அவை பிய்த்துக்கொண்டு போனால் பள்ளம் முழுவதும் மூழ்கிவிடும்.

மடுவாயி ஓர் ஆலிலையில் கீறினாள்: 'மரங்கள் நகர்கின்றன. வெள்ளம் வரும். பள்ளத்தில் இருக்கும் எல்லோரும் உடனே மேட்டுக்குப் போங்கள்.' ஒரு கைப்பிடி நாவல்பழத்தோடு குரங்கிடம் நீட்டினாள். அங்கே வேலையில் இருந்தவன் நெடுவாலன்.

"எந்தக் கிளை?" என்றான் நெடுவாலன்.

"சீக்கிரம் போகிற கிளை."

"அதற்கு ஒரு கூடை."

"அப்பா, உயிர் போகிற விஷயம். இலையைப் படித்துப் பார்."

நெடுவாலன் படித்தான். ஆனாலும் அவன் விதியை மீறாதவன். "படிக்கவே பயமாக இருக்கிறது, அம்மா. ஆனால் ஒரு கைப்பிடிக்கு நிதானக் கிளைதான். முன்னால் நாற்பது இலைகள் இருக்கின்றன" என்று சொல்லி, அதைக் குவியலின் அடியில் செருகினான்.

மடுவாயி தானே நடக்கத் தொடங்கினாள். ஓர் ஆமை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அன்று மதியம் பள்ளத்தில் விழா. சமவழிக் கட்சி ஆட்சிக்கு வந்து ஓராண்டு நிறைந்ததற்காக நரி மேடை போட்டிருந்தார். காட்டில் பாதி அங்கே கூடியிருந்தது. ஊசிமுத்துவுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அது நிதானக் கிளையில் போனதால் இன்னும் போய்ச் சேரவில்லை.

நரி பேசிக்கொண்டிருக்கும்போது நெடுவாலன் மூச்சிரைக்க வந்து குதித்தான்.

"அவசரச் சேதி" என்றான். கூட்டம் அமைதியானது. "தேனப்பர் தலைவருக்கு வாழ்த்துச் சொல்கிறார்."

எல்லோரும் கைதட்டினார்கள். நெடுவாலன் போய்விட்டு மறுபடி ஓடிவந்தான்.

"அவசரச் சேதி. எங்கள் தலைவர் தாண்டவரும் வாழ்த்துச் சொல்கிறார்."

மறுபடி கைதட்டினார்கள். மூன்றாவது தடவை வந்தபோது கொம்புத்தேன் விலை குறைந்த சேதியைச் சொன்னான். சொல்லிவிட்டுப் போகாமல் தயங்கி நின்றான்.

"இன்னும் என்ன?" என்றார் நரி.

"பள்ளத்துக்கு இன்னொரு சேதியும் இருக்கிறது, ஐயா. நிதானக் கிளையில் கிடக்கிறது."

"என்ன சேதி?"

"அதன் முறை வருவதற்கு முன்னால் சொல்லக்கூடாது. சட்டம்."

"நான் சபைத் தலைவன். எனக்கே சொல்லக்கூடாதா? யார் போட்ட சட்டம் அது?"

"நீங்கள் போட்டதுதான், ஐயா."

நரி வாயைத் திறந்தார். அதற்குள் ஓடையின் மேல்புறத்தில் பெரிய உறுமல் கேட்டது. முதலில் மரங்கள் வந்தன. அவற்றின் பின்னால் மதில் போலத் தண்ணீர் வந்தது.

மேடை போனது. கரடியின் தேன்கூடுகள் இருந்த மரங்கள் வேரோடு போயின. முயல்களின் வளைகள் சேற்றால் மூடிப்போயின. தாயை விட்டுப் பிரிந்த ஒரு மான்கன்று இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அதுவரை தாய்மான் கரையை விட்டு நகரவில்லை. விரைவுக் கிளையும் முறிந்தது, நிதானக் கிளையும் முறிந்தது. அந்த விஷயத்தில் வெள்ளம் பாகுபாடு பார்க்கவில்லை.

நரியார் ஒரு மருத மரத்தின் கவட்டில் விடிய விடிய நடுங்கியபடி தொங்கிக்கொண்டிருந்தார். காலையில் வயதான குரங்கு ஒன்று இலைக்கட்டோடு வந்து, கரையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஓர் இலையைப் படித்தது.

"பள்ளத்தில் இருக்கும் எல்லோரும் உடனே மேட்டுக்குப் போங்கள்."

நரி தொண்டையைச் செருமினார்.

"இதில் கட்சியின் நிலைப்பாடு தெளிவானது. வெள்ளத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்."

தாய்மான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊசிமுத்துதான் குரங்குகளிடம் பேசினான். "கிளையைக் கட்ட நாங்களும் வருகிறோம். ஆனால் ஒரே கிளைதான் கட்டுவோம். இல்லையென்றால் இனி எங்களிடமிருந்து ஒரு பழம்கூட வராது." தாண்டவர் மறுத்தார். பசித்திருந்த மற்றக் குரங்குகள் மறுக்கவில்லை.

எட்டு நாளில் வழி தயாரானது. அன்றே நரியார் ஓர் அறிக்கையோடு வந்தார். ஒரே கிளை என்பது தம் கட்சி இடைவிடாமல் போராடிப் பெற்ற வெற்றி என்று அதில் கீறியிருந்தார். அவருக்கு முன்னால் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். நரி இருமிப் பார்த்தார். தாம் யார் என்பதை எடுத்துச் சொல்லியும் பார்த்தார். யாரும் நகரவில்லை. கடைசியில் ஒரு முயலின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

நீதி: எல்லோருக்கும் பொதுவான வழியை விற்பவர், தமக்கு வரவேண்டிய எச்சரிக்கையையும் சேர்த்தே விற்றுவிடுகிறார்.