வாரம் இரண்டு லிட்டர் குடித்த மினிபஸ்

செண்பகவல்லியைச் சந்தேகப் பிராணி என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. புருஷன் விட்டுப்போனது ஒரே ஒரு பழைய மினிபஸ். சங்கரன்கோவிலுக்கும் மேற்கே உள்ள கிராமங்களுக்குமாக நாளைக்கு எட்டு நடை ஓடும் அந்த பஸ்தான் அவளுக்கும் மகளுக்கும் சோறு போட்டது. அந்த பஸ் வாரத்துக்கு இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில் குடித்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத ஆயில் எங்கேதான் போகும்?

ஆயில் கேன் டிரைவர் சுடலைமணியின் பொறுப்பில் இருந்தது. எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பவரும் அவர்தான், ஊற்றுபவரும் அவர்தான். பதினோரு வருஷமாக அந்த ஸ்டியரிங்கைப் பிடிப்பவர், அவளைவிட மூத்தவர்.

"ஊத்துனேன்னு சொல்லுதாரு. ஊத்துனத யாரு மதினி பார்த்தா?" என்று கொழுந்தன் வெள்ளைச்சாமி ஒருநாள் கேட்டுவைத்தான். அன்றிலிருந்து அவள் கண் அந்தக் கேன் மேலேயே இருந்தது.

மெக்கானிக் பீர்முகமதுவிடம் வண்டியைக் கொண்டுபோனாள். அவர் எஞ்சினை உறுமவிட்டுப் புகையைப் பார்த்தார்.

"வண்டிதாம்மா குடிக்கி. பிஸ்டன் ரிங்குல கரி அப்பி அசையாம ஒட்டிக்கிட்டு. அதான் ஆயில் மேல ஏறி எரியுது. புகை நீலமா வருதுல்லா?"

கரியைக் கரைத்தெடுக்கும் ஆயில் ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொல்லி, பழையதை வடித்துவிட்டு அதை ஊற்றினார். "ஒரே நாள்ல நடக்காது. ஊறி ஊறித்தான் கரையும். ரெண்டு மூணு தடவை மாத்தணும். சீக்கிரமே கறுத்துப்போவும், பயந்துராதீக."

பீர்முகமதுவும் சுடலைமணியும் ஒரு டீயை இரண்டாகப் பங்கிட்டுக் குடிக்கும் சிநேகிதர்கள். களவு செய்கிறவர் ஒருவர், அதற்கு வைத்தியம் சொல்கிறவர் இன்னொருவர், நல்ல ஜோடிதான் என்று செண்பகவல்லி மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே கேனை வீட்டுக்குள் கொண்டுவந்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில் ஏறியது. மறுநாள் காலை முதல், வண்டியைக் கிளப்புமுன் அளவுக் கம்பியை உருவித் துடைத்துப் பார்ப்பதும், குறைந்ததை அளந்து ஊற்றுவதும் அவளே. அதுவும் போதவில்லை. எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்கும் போல்ட் மேல் மகளுடைய சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தாள். போல்ட்டை யார் தொட்டுத் திருகினாலும் பொட்டு உடைந்துவிடும்.

சுடலைமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். முகம் செத்துப்போயிற்று.

"ஒங்க சந்தேகம் தீருற மட்டும் ஓட்டுதேன், ஓனரம்மா. தீர்ந்த அன்னைக்குச் சாவிய வச்சுட்டுப் போயிருவேன். கள்ளன்னு பேரெடுத்துட்டு நடுவுல போவ மாட்டேன்."

முதல் வாரம் இரண்டு லிட்டர் போயிற்று. இரண்டாம் வாரமும் அதே இரண்டு லிட்டர். பீர்முகமது பாயின் ஆயில் சுத்த ஏமாற்று என்று வெள்ளைச்சாமி கைகொட்டிச் சிரித்தான். பிறகு அவனே சுடலைமணியைக் கருப்பசாமி கோவிலுக்கு இழுத்துப்போனான். திருட்டுப் பழி விழுந்தவர் அங்கே கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுடலைமணி மறுபேச்சில்லாமல் அணைத்தார். செண்பகவல்லி அவர் கையைப் பார்க்காமல் சாமியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் வாரம் ஆயில் செலவு கால் லிட்டர் குறைந்தது! "பயந்துட்டாருல்லா மதினி" என்றான் வெள்ளைச்சாமி. எஞ்சினுக்குள் இருந்த ஆயிலோ கன்னங்கரேலென்று கறுத்திருந்தது. பீர்முகமது அதை வடித்து அதே ரகத்தை மறுபடி ஊற்றியபோது செண்பகவல்லி பக்கத்திலேயே நின்று, புதுப் பொட்டு வைத்தாள். அதன் பிறகு வாரம் ஒரு லிட்டர். அடுத்த முறை மாற்றிய பிறகு அரை லிட்டர்கூட இல்லை. பொட்டு ஒருநாளும் உடையவில்லை. பஸ் கிளம்பும்போதெல்லாம் வடைத் தட்டைப் பேப்பரால் மூடித் திட்டும் பஸ் நிலைய டீக்கடைக்காரர், இப்போது தட்டை மூடுவதையே மறந்துபோனார்.

ஒருநாள் அந்தக் கடை முன்னாலேயே பேச்சு வந்தது. தன்னுடைய பூட்டுதான் ஆயிலைக் காப்பாற்றியது என்றாள் செண்பகவல்லி. கருப்பசாமியின் சத்தியம் என்றான் வெள்ளைச்சாமி. தான் ஊற்றிய ஆயில் என்றார் பீர்முகமது. செண்பகவல்லியின் கண் அந்த மூடாத வடைத் தட்டில் போய் நின்றது. அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. உண்மையைச் சொன்னால் டிரைவர் போய்விடுவார், அப்படியோர் ஆள் இனிக் கிடைக்கமாட்டார். சொல்லாவிட்டால் அவர் கள்ளனாகவே இருப்பார்.

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். ஆயில் செலவைக் குறைத்தது பூட்டா, சத்தியமா, பாய் ஊற்றிய ஆயிலா? தெரிந்துகொண்ட செண்பகவல்லி வாயைத் திறப்பது சரியா, மூடிக்கொள்வது சரியா?

விடை: பூட்டுப் போட்ட பிறகும் இரண்டு வாரம் இரண்டிரண்டு லிட்டர் போனது. ஊற்றியது அவள் கை, பொட்டும் உடையவில்லை. ஆகவே குடித்தது எஞ்சின்தான், திருட்டே நடக்கவில்லை. பயந்த திருடன் ஒரே நாளில் நிறுத்துவான், வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகவா பயப்படுவான்? வடைத் தட்டில் படிந்துவந்த நீலப் புகையும் நின்றுவிட்டது, புகையை எந்தச் சத்தியமும் துடைக்காது. கரியைக் கரைத்தது பாயின் ஆயில்தான். செண்பகவல்லி அதை அங்கேயே, அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னாள். டிரைவர் குற்றமற்றவர் என்பதற்குச் சாட்சி அவளே போட்ட பூட்டும் பொட்டும்தான் என்றும் சொன்னாள். சுடலைமணி சொன்ன சொல் தவறாமல் பஸ் சாவியை அவள் கையில் வைத்தார். அவள் இடுப்பிலிருந்த பெட்டிச் சாவியை எடுத்து, இரண்டையும் சேர்த்து நீட்டினாள். "ரெண்டும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க." பஸ் சாவியை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். "பெட்டிச் சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் ஓனரம்மா. காலையில நீங்களே வந்து ஊத்துங்க." அதன்பிறகு அந்த பஸ்ஸில் சந்தேகப்படுகிறவர் அவர் ஒருவர்தான், அவள் மறுபடி சந்தேகப்பட்டுவிடுவாளோ என்று.