ஐந்து மணிக்குக் கிளம்பியவள்

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி வைத்த காலம் அது.

சென்னை ராயப்பேட்டையில் ஒரு சின்ன விளம்பர நிறுவனத்தை ஹெப்சிபா நடத்திவந்தார். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவர் திருஞானம். ஹெப்சிபாவைவிட வயதில் மூத்தவர். ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், அது நின்றுபோனதும் இங்கே வந்து சேர்ந்தார். மற்றவர்கள் எல்லோரும் ‘மேடம்’ என்றபோது அவர் மட்டும் ‘டீச்சர்’ என்று கூப்பிடுவார்.

அம்பத்தூரில் அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் தயாரித்த ஒரு கம்பெனி அவர்களுக்கு வேலை கொடுத்திருந்தது. நல்ல இயந்திரம்தான். பெரிய கம்பெனிகளின் சத்தத்தில் யாருக்கும் அதைத் தெரியவில்லை. இந்த விளம்பரமும் எடுபடாவிட்டால் தொழிற்சாலையை மூடிவிடுவதாக அதன் முதலாளி சிவப்பிரகாசம் சொல்லியிருந்தார்.

திருஞானம் எழுதிக் குவித்தார். யானைபோல உறுதி என்றார், பாறை என்றார். ஹெப்சிபா எல்லாவற்றையும் படித்தார். எதையும் குறை சொல்லவில்லை. எதையும் எடுத்துக்கொள்ளவும் இல்லை.

“இந்த மிஷினை நம்பலாம்னு எப்படித்தான் எழுதுறது டீச்சர்?”

ஹெப்சிபா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க, பெரியமேடு வரைக்கும் போயிட்டு வரலாம்.”

அங்கே ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஷமீமா என்ற பெண் அதில் வேலை பார்த்தாள். கப்பலேறும் சரக்குக்கான காகிதங்களை அவள்தான் தயார் செய்வாள். கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று திருஞானம் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றாள். துருவித் துருவிக் கேட்டும் வேறொன்றும் வரவில்லை.

டீ வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஹெப்சிபா விசாரித்தார். அதன்பிறகு ஷமீமா நிறையப் பேசினாள். அப்பாவை அவள் அத்தா என்றாள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் போனால் தூரத்துக் கப்பல்கள் மட்டும் கொஞ்சம் தெரியும். தினமும் மெரினாவுக்கு அழைத்துப் போகிறாள். எந்த நாட்டுக் கப்பல் என்று அவர் சொல்வார். பாதி தப்பாக இருக்கும். அவள் திருத்தமாட்டாள்.

“பழைய மிஷின் இருந்தப்போ முடியாது மேடம். வீட்டுக்குப் போறப்பவே இருட்டிடும். இப்போ அஞ்சு மணிக்குக் கிளம்பிடுறேன்.”

பஸ் நிறுத்தத்தில் திருஞானம் சலித்துக்கொண்டார். “இவ்வளவு பேசினாங்க. கம்ப்யூட்டரைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்.”

ஹெப்சிபா கடற்கரைப் பக்கம் போகும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினார்.

மணலில் இருவரும் வெகுநேரம் காத்திருந்தார்கள். வெயில் தணியும் நேரத்தில் ஷமீமா வந்தாள், அத்தாவின் கையைப் பிடித்தபடி. அவர் கடலை நோக்கி விரலை நீட்டி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். அன்றிரவு திருஞானம் அதுவரை எழுதிவைத்ததையெல்லாம் கிழித்துப் போட்டார்.

பிறகு ஷமீமாவிடம் கேட்டு, முகம் தெரியாதபடி பின்னாலிருந்து படம் எடுத்தார்கள். தகப்பனும் மகளும், எதிரே கடல். கீழே திருஞானம் ஒரே வரி எழுதினார்: ‘ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டாள்.’ அதற்கடியில் கம்பெனியின் பெயர்.

விளம்பரம் வெளிவந்தது. தொழிற்சாலை பிழைத்து நெடுங்காலம் ஓடியது. இன்று அந்தக் கம்பெனி இல்லை, அந்த மாதிரி இயந்திரங்களும் இல்லை. திருஞானமும் அதன்பிறகு எத்தனையோ எழுதிவிட்டார். ஆனால் அந்த நாட்களைப் பற்றிப் பேச்சு வந்தால், படத்தை முதன்முதலாகச் சிவப்பிரகாசத்தின் மேஜைமேல் வைத்த காலையைத்தான் சொல்வார்.

சிவப்பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று படம் ஒட்டிய அட்டையைத் திருப்பியும் பார்த்தார்.

“எங்க கம்ப்யூட்டர் எங்கேம்மா?”



“ஆபீஸ்ல இருக்கு சார்” என்றார் ஹெப்சிபா. “அவங்களுக்கு அதோட ஞாபகமே இல்ல.”