ஸுதே என்னும் பேர்

ஜப்பானில் ஒரு மலைமேல் பெண் துறவிகளின் மடம் இருந்தது. அங்கே துறவியாக வந்து சேர்ந்தபோது ஒரு இளம்பெண் தன் பேர் கிகு என்று சொன்னாள். கிகு என்றால் சாமந்தி. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? பெற்றவர்கள் வைத்த பேர் ஸுதே. வேண்டாமென்று வீசி எறிந்தது என்று அதற்கு அர்த்தம். பட்டணத்தில் அத்தை வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்தப் பேரை வைத்துத் தெருப்பிள்ளைகள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமா நஞ்சமா.

ஒரு சந்தை நாள் காலையில் அவள் மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஒரு கிழவி படியேறி வந்தாள். பார்வை மங்கியவள்.

"எங்க ஸுதே இங்கேதானே இருக்கா?"

கிணற்றடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வீசி எறிந்ததை இங்கே வந்து தேடுகிறாளே என்றாள் ஒருத்தி.

பெருக்கிக்கொண்டிருந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. "அப்படி இங்கே யாருமில்லை. நீங்கள் யாரோ, எனக்குத் தெரியாது," என்றாள்.

கண் மங்கினால் என்ன, பெற்றவள் காதுக்கு மகள் குரல் தெரியாமலா போகும்? இடம் தவறி வந்துவிட்டேன் போலிருக்கிறது, மன்னித்துக்கொள் தாயி என்றாள் கிழவி. கொண்டுவந்த முள்ளங்கி ஊறுகாய் மூட்டையை வாசலில் வைத்துவிட்டு மெல்ல இறங்கிப் போனாள்.

அதற்குமேல் துடைப்பம் ஓடவில்லை. நேரே குரு மியோஷுன் முன்னால் போய் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். பேரை ஒளித்தேன், இன்றைக்குப் பெற்றவளையே ஒளித்துவிட்டேன், இந்த முகத்தை எங்கே கொண்டு வைப்பேன் என்று அழுதாள். அழுகைக்கு நடுவிலும் பழைய வலி விடவில்லை.

"பெற்ற பிள்ளைக்கு இப்படியா ஒரு பேர் வைப்பார்கள், குருவே?"

"உனக்கு முன்னால் எத்தனை பிள்ளைகள் பிறந்தன?"

"மூன்று பேர். ஒன்றுகூட ஒரு வயதைத் தாண்டவில்லை."

குரு எழுந்து ஒரு முறத்தோடு வாசலுக்கு வந்தாள். ஊறுகாய் மூட்டையைத் தரையில் கிடத்தி, துடைப்பத்தால் அதை முறத்துக்குள் தள்ளி, அப்படியே தூக்கி இவள் கையில் கொடுத்தாள்.

"உன்னையும் இப்படித்தான் எடுத்திருப்பார்கள்."

நானும் உன் அம்மாவின் ஊர்ப்பக்கத்துக்காரிதான் என்று குரு சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை நாற்சந்தியில் கொண்டு போடுவார்கள். பேசிவைத்தபடி பக்கத்து வீட்டுக்காரி வந்து, குப்பையைப் பெருக்குவதுபோல் பெருக்கி எடுத்துத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பாள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நம்ப வேண்டுமே, அதற்குத்தான் அந்தப் பேரும்.

"அம்மா ஒருநாள்கூட இதை என்னிடம் சொல்லவில்லையே?"

"வாய்விட்டுச் சொன்னால் எமன் காதிலும் விழுமே."

"என்னைப் போட்டபோது அம்மா என்ன செய்தாள்?"

"நடந்துகொண்டே இருந்திருப்பாள். அங்கே திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியில் யார் கேட்டாலும், அது யார் பிள்ளையோ, எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும்."

காலையில் இவள் வாயிலிருந்து வந்ததும் அதே வார்த்தைதான். வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவருகிறேன் என்றாள்.

"இந்நேரம் மலையடிச் சந்தியில் சந்தைக் கூட்டத்துக்குள் போயிருப்பாள். அவளாகத் திரும்பமாட்டாள். நீதான் கூப்பிட வேண்டும்."

அவள் கிணற்றடியைப் பார்த்தாள். அங்கே எல்லோரும் கீழே சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா என்று கூப்பிட்டால் போதாதா, குருவே?"

"அம்மா என்றால் சந்தையில் பாதிப்பேர் திரும்புவார்கள். உன் பேரைச் சொல்லிக் கத்து. ஒருத்திதான் திரும்புவாள்."