குமிழியைத் திருடிய அக்கா

ஊருக்கொரு ராஜாவும் ராஜாவுக்கொரு கோபமும் இருந்த காலத்தில், கொன்றைநாட்டைக் கொழுந்துவேல ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்த கோபம் போகவும் போகாது.

அவருடைய மிகப் பழைய கோபம் அக்கா வடிவாம்பாள் மேல். சின்ன வயதில் இருவரும் அரண்மனையில் பட்டு வெளுக்கும் துறைக்கு ஓடுவார்கள். அங்கே பூந்திக்கொட்டை ஊறிய நுரைத் தண்ணீரில், உள்ளே குழலாக இருக்கும் ஆமணக்கு இலைக் காம்பை முக்கிக் குமிழி ஊதுவார்கள். ஆளுக்கொரு குமிழி ஊதி, காற்று போகாமல் காம்பை விரலால் நசுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு இரண்டு காம்பின் வாயையும் ஒட்டவைத்து விரலைத் தளர்த்துவார்கள். யார் குமிழி மிஞ்சுகிறதோ அவருக்கு ஜெயம்.

அக்காவுக்கு மூச்சு அதிகம், அதனால் குமிழி பெரிது. தம்பியுடையது சின்னது. ஒவ்வொரு தடவையும் தம்பியின் குமிழி சுருங்கிக் காணாமல் போகும், அக்காவுடையது இன்னும் கொஞ்சம் உப்பும். "என் காத்தைத் திருடிட்டே!" என்று தம்பி மண்ணில் புரண்டு அழுவான். அடுத்த மாதமே அக்கா கல்யாணமாகித் தூரதேசம் போனாள். தம்பி வழியனுப்பக்கூட வரவில்லை.

நாற்பது வருஷம் ஓடிவிட்டது. ராஜா தினமும் சபையில் அந்தத் துறையின் ஈர வாசனையையும், வெயிலில் மினுங்கிய குமிழிகளையும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவார். "ஆனாலும் அவள் திருடினாள்" என்று முடிப்பார்.

ஒருநாள் காவலன் ஓடிவந்தான். "மகாராஜா, வடிவாம்பாள் அம்மா பல்லக்கில் வந்து கோட்டை வாசலில் நிற்கிறார்கள். 'தம்பி கூப்பிட்டால் வருகிறேன், இல்லையென்றால் இப்படியே திரும்புகிறேன். இன்னொரு பயணத்துக்கு உடம்பில் தெம்பில்லை' என்கிறார்கள்."

ராஜா பாதி எழுந்துவிட்டார். அவ்வளவுதான், சபையில் தர்க்கப்புலி என்று பட்டம் வாங்கிய தாண்டவராயர் குறுக்கே வந்து நின்றார். ராஜாவின் காதை இருபது வருஷமாகத் தன் கைக்குள் வைத்திருந்தவர் அவர். அக்கா வந்துவிட்டால் தன் பேச்சு எடுபடுமா?

"மகாராஜா, அவசரம் வேண்டாம்" என்றார். "நிறைந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போவதுதான் முறை. பெரிய குமிழியின் காற்று சின்னதற்குள் வந்திருக்க வேண்டும். எதிர்மாறாகப் போனது என்றால் வஞ்சனைதானே? குழந்தையிலேயே வஞ்சித்தவர் இப்போது எதற்கு வந்திருக்கிறாரோ!"

ராஜா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

வெளுத்த பட்டுகளை ஒப்படைக்க வந்த செங்கமலம் ஓரமாக நின்றிருந்தாள். அவளால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்க மகாராஜா. அந்தக் குமிழியை யாரும் திருடலை."

"துணி வெளுப்பவளுக்குத் தர்க்கம் எதற்கு?" என்றார் தாண்டவராயர்.

"தர்க்கம் தெரியாது சாமி, நுரை தெரியும். நீங்களே ஊதிப் பாருங்களேன். உங்க தகுதிக்குப் பெரிய குமிழியா ஊதுங்க. நான் ஏழை, சின்னதா ஊதிக்கிறேன்."

புகழ்ந்தால் புலியும் பூனைதான். பூந்திக்கொட்டைத் தண்ணீர் வந்தது. தாண்டவராயர் கன்னம் வீங்க நார்த்தங்காய் அளவு ஊதினார். செங்கமலம் நெல்லிக்காய் அளவு ஊதினாள். காம்புகளை ஒட்டவைத்து, ஒட்டிய இடத்தில் ஈரத்துணியைச் சுற்றி, இருவரும் விரலைத் தளர்த்தினார்கள். நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆயிற்று. அப்புறம் சட்டென்று ஒன்றுமே இல்லை. நார்த்தங்காய் மட்டும் கொழுத்துப்போய் ஆடிக்கொண்டிருந்தது.

ராஜா தம்மை மறந்து துள்ளி எழுந்தார். "திருட்டுப் பயலே! அவள் காற்றைத் திருடிவிட்டாய்!"

தாண்டவராயர் காம்பை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமாக இல்லை மகாராஜா! நான் வாயைக்கூட வைக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டுதான் நின்றேன்!"

"அன்னிக்கு அந்த அம்மா என்ன சொன்னாங்க மகாராஜா?" என்று கேட்டாள் செங்கமலம்.

"சும்மா பிடிச்சுக்கிட்டுத்தான்டா நின்னேன்" என்று அக்கா அன்றைக்கு அழுதது ராஜாவின் காதில் அப்படியே கேட்டது.

"அப்படியென்றால் காற்று எப்படிப் போயிற்று?" என்றார் ராஜா.

"குமிழித் தோலு எப்பவும் உள்ளே இழுத்துக்கிட்டே இருக்கும் மகாராஜா. சின்னக் குமிழியில தோலு ரொம்ப வளைஞ்சு நிக்குது, அதனால உள்ளே இருக்கிற காத்தை ரொம்ப இறுக்குது. பெரிசுல வளைவு கம்மி, இறுக்கமும் கம்மி. வழி கிடைச்சா இறுக்கத்துல இருக்கிற காத்து தளர்வான இடத்துக்கு ஓடாம என்ன செய்யும்?"

"சும்மா இருந்தவர்மேல் பழி போட்டது தப்பு என்று இப்போது நீரே சொல்லிவிட்டீர்" என்றார் ராஜா தாண்டவராயரைப் பார்த்து. "செங்கமலம், தர்க்கப்புலிப் பட்டம் இனி உனக்கு!"

"ஐயோ, புலியைக் கட்டித் தீனி போட என்னால ஆகாது. ரெண்டு மூட்டை பூந்திக்கொட்டை கொடுங்க, போதும்."

சபை சிரித்தது. இரண்டு மூட்டைகளையும் துறைவரை தாண்டவராயரே சுமக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜா அதைப் பார்க்க நிற்கவில்லை. செருப்பில்லாமல் கோட்டை வாசலுக்கு ஓடினார். பல்லக்கில் தலை நரைத்த ஒரு சின்ன உருவம் உட்கார்ந்திருந்தது.

"அக்கா! நீ என் குமிழியைத் திருடலைக்கா!"

வடிவாம்பாள் விழித்தாள். "எந்தக் குமிழிடா?"

"நாப்பது வருஷமா நான் கோவிச்சுக்கிட்டிருந்தேனே, அது!"

"அட பைத்தியமே! உன்னை விட்டுட்டு ஊரைத் தாண்டிப் போயிட்டேன்னுல்ல உனக்குக் கோவம்னு நான் நினைச்சேன்."

ராஜா அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காவல்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கொன்றைநாட்டின் அரசர் தேம்பித் தேம்பிச் சொன்னார்:

"அதுக்குத்தான்க்கா."