ஒரு சாண் பட்டை

"எங்க அப்பா கோபம் என் கையில இருக்கு. அது என் மக கைக்கும் போயிருச்சு," என்றார் நாச்சிமுத்து.

கனகவல்லி குனிந்து அந்திமந்தாரை விதைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மலையடிவார ஆசிரமத்தின் தோட்டம் அவள் பொறுப்பு. அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் கேள்வியோடு வருகிறவர்கள் அவளிடம்தான் வந்தார்கள்.

"எப்படித் தெரியும்?"

"ஒருநாள் சோத்துத் தட்டை வீசினேன், எங்கப்பா வீசுற மாதிரியே. மறுவாரம் மயிலா வீசினா. நாலு வயசு. அதே மணிக்கட்டுத் திருப்பு."

"அதனால?"

"வீட்டை விட்டு வந்துட்டேன். இனிமே எங்கிட்டயிருந்து எதுவும் அவளுக்குப் போகக் கூடாது, குருவே."

"குருவேன்னு கூப்பிட்டா எனக்குத் தலை அரிக்குது. மண்வெட்டி அங்க இருக்கு, ஐயா."

அவர் தங்கிவிட்டார்.

இளஞ்சிவப்பு அந்திமந்தாரையின் விதைகளை அவள் அவரிடம் கொடுத்தாள். ஊன்றினார். மழை பெய்து, வெயில் சாய்ந்து, ஒரு மாலையில் பூத்தன. சில இளஞ்சிவப்பு. சில வெள்ளை. சில ரத்தச் சிவப்பு.

"ரோஸ் கலர் பூச்செடி விதையைத்தானே போட்டேன்?"

"அந்தச் செடிக்கு அப்பன் சிவப்பு, ஆத்தா வெள்ளை."

"அப்போ சிவப்பு போகவே போகாதா?"

"வெள்ளையும் போகாது."

நாச்சிமுத்துவின் காதில் சிவப்பு மட்டும்தான் விழுந்தது.

வீட்டிலிருந்து போன் வந்தது. மனைவி அதிகம் பேசவில்லை. "மயிலா தினமும் உங்க தட்டையும் எடுத்து வைக்கிறா," என்றாள்.

"மறந்துருவா," என்று வைத்துவிட்டார்.

கிணற்றடியில் ஒரு சாத்துக்குடி மரம். மத்தியானங்களில் அவர் அதன் மேல் காதை வைத்து நிற்பார். உள்ளே தண்ணீர் ஏறும் சத்தம் கேட்குமென்று யாரோ சொல்லியிருந்தார்கள். கேட்டதில்லை. ஆனால் கன்னத்தில் ஒரு குளிர்ச்சி ஏறும். கண் செருகும். எங்கோ ஒரு ஆறு செங்குத்தாக நடந்து போவது போலிருக்கும்.

கனகவல்லி வெளியூர் போயிருந்த ஒரு நாள், அந்த மரத்தின் பட்டையில் பொன்னிறமாகப் பிசின் வடிந்திருந்தது.

நோய். இறங்கினால் வேருக்குப் போய்விடும்.

கத்தியை எடுத்தார். பிசின் வடிந்த இடத்தில், மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்தார். ஒரு நார்கூட மிச்சமில்லாமல், வெள்ளைக் கட்டை தெரியும்வரை.

திரும்பி வந்தவள் அந்த வளையத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனாள்.

மாதங்கள் போயின. இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. பழங்கள் என்றுமில்லாத அளவுக்குப் பருத்தன.

"பாத்தீங்களா? நோயை நிறுத்திட்டேன். மரத்துக்கு ஒண்ணும் ஆகலை."

அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "தேனா இருக்கு. வேரைப் பாருங்க."

தோண்டினார். சல்லிவேர்கள் கறுத்து, ஈர நூல் போலக் கையோடு வந்தன.

"தினமும் தண்ணி விட்டேனே!"

"தண்ணி கட்டை வழியா மேலே போகுது. இலை சமைச்சது பட்டை வழியாத்தான் கீழே வரணும். வேர் சாப்பிட்டு நாலு மாசமாச்சு."

"அப்போ, இந்தப் பழத்துல இருக்கிற இனிப்பு?"

"கீழே போகவேண்டியது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். வளையத்துக்கு மேலே பட்டை வீங்கியிருந்தது, அழுது முடித்த கண்ணிமை போல. மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

"செத்துருமா?"

கனகவல்லி அதே மரத்தில் விரல் பருமனுள்ள ஒரு குச்சியை வெட்டினாள். நுனிகளைச் சீவினாள். மேல்பட்டையைக் கீறி ஒரு முனையையும், கீழ்ப்பட்டையைக் கீறி மறுமுனையையும் செருகினாள். உரித்த வளையத்தின் மேல் சின்னப் பாலம்.

"இன்னும் மூணு வேணும்."

நாச்சிமுத்து குச்சிகளை வெட்டினார். கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இது பிசின் வடிஞ்ச மரத்துக் குச்சி. நோயும் இது வழியா இறங்குமே?"

"இறங்கலாம்."

"அப்புறமும் வைக்கிறீங்களா?"

"நீங்களே சொல்லுங்க. வைக்கவா, வேண்டாமா?"

அவர் தன் கையைப் பார்த்தார். வேரிலிருந்து வந்த கறுத்த நூல்கள் இன்னும் விரல்களில் ஒட்டியிருந்தன. பிறகு மூன்று குச்சிகளையும் நீட்டினார். அவள் கட்டி முடிக்கும்வரை மரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே கிடந்த பழங்களில் இரண்டை எடுத்துத் துண்டில் முடிந்தார்.

"கடைசி பஸ் எப்போ, குருவே?"

இந்த முறை அவளுக்குத் தலை அரிக்கவில்லை.

"அந்திமந்தாரை விரியறப்போ."

திரும்பிப் பார்த்தார். சிவப்பு விரிந்துவிட்டிருந்தது. வெள்ளை இன்னும் விரியவில்லை.